சமுத்திரம் ஏரியும் வெளியூர்த் துப்பாக்கியும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் கழிந்ததும் ஒரு கூட்டம் கலையும். மற்றொரு கூட்டம் வந்து சேரும். முன்னது சத்திரங்களையும் சாவடிகளையும் காலி செய்துகொண்டு புகைவண்டி நிலையம் நோக்கிச் செல்லும். பின்னது வடதிசையினின்று வானவழியே வந்து ஏரிகளில் இறங்கும். ரமணாசிரமத்தையடுத்துச் செங்கம் சாலையின் தென்புறத்தே பரந்து கிடக்கும் சமுத்திரம் ஏரி, ஐப்பசி கார்த்திகை மழை பொய்யாத ஆண்டுகளில் நிறைந்து மலையின் நிழலைத் தன்னுள் தாங்கி நிற்கும். அப்போது கிளுவைகளும் ஊசிவால் வாத்துக்களும் நாமக்கோழிகளும் அதன்மேல் எள்ளிறைத்தாற்போல் மிதக்கும். எங்கள் பக்கத்தில் இவற்றுள் வாத்தினத்தையெல்லாம் பொதுவாகச் சிறவி என்றே சொல்லுவர்.

அவ்வேரிக்கு அண்மையிலேயே நான் பிறந்து வளர்ந்தேன். என் தந்தையார் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முன்சீப். 1980-ஆம் ஆண்டில் அரசாங்கம் அப்பரம்பரை உத்தியோகங்களை எடுத்துவிட்டபடியால், இன்று நம் கல்லூரியில் பயிலும் மாணவருட் பலருக்குக் கிராம முன்சீப் என்றால் யார் என்பதே விளங்காது. வரி தண்டுவதும், பிறப்பு இறப்புக் கணக்கு எழுதுவதும், ஊரில் ஒன்று நிகழ்ந்தால் மேலிடத்துக்கு அறிவிப்பதும் அவர் கடமை. சம்பளம் சொற்பம்; மரியாதை அதிகம்; மனக்கவலை அதனினும் அதிகம்.

1964-ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் எனக்குப் பத்து வயது. ஒருநாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், எங்கள் வீட்டு வாயிலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. அதினின்றும் மூவர் இறங்கினர். மைசூர் ராஜ்யத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். கன்னடம் கலந்த தமிழ். நல்ல மரியாதையான பேச்சு. ஒருவர் கையில் தோலுறையிட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஏரியில் நாலைந்து சிறவிகளைச் சுட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதே அவர்கள் விண்ணப்பம். எங்கள் திண்ணையில் அதுகாறும் நாற்காலியில் அமர்ந்தவர் தாசில்தார் ஒருவரே. அன்று மூவருக்கும் நாற்காலி தேடவேண்டியதாயிற்று.

தந்தையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லைசென்ஸைக் கேட்டார். அவர்கள் கொடுத்தனர். அவர் அதனை நிதானமாக, உதடு அசைய, ஒவ்வொரு பத்தியாகப் படித்தார். அக்காலத்தில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அச்சட்டப்படி வழங்கும் துப்பாக்கி லைசென்ஸில், இன்னாருக்கு, இன்ன துப்பாக்கிக்கு, இத்தனை தோட்டாவுக்கு என்பதோடு, எந்த எல்லைக்குள் அது செல்லும் என்பதற்கும் ஓர் இடம் உண்டு. ஒரு ஜில்லாவுக்கும் செல்லலாம். ஒரு ராஜ்யத்துக்கும் செல்லலாம். இந்தியா முழுமைக்கும் செல்லலாம். அவர்கள் கொணர்ந்த சீட்டு மைசூர் ராஜ்யத்துக்கு மட்டுமே செல்லுவதாயிருந்தது.

"ஐயா, ஹோசூருக்கு இப்பால் இந்தக் காகிதத்துக்கு உயிர் இல்லை. தாங்கள் வேலூருக்குச் சென்று கலெக்டர் ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். நானே கூட வந்து துறை காட்டுகிறேன்" என்றார் தந்தையார்.

அவர்கள் கோபிக்கவில்லை. சிரித்துத் தலையசைத்து, மோர் அருந்தி, விடைபெற்றுச் சென்றனர். தந்தையார் தம் வழக்கப்படி லைசென்ஸின் எண்ணைத் தினக்குறிப்பில் எழுதி வைத்தார். எதையும் எழுதி வைக்கும் மனிதர் அவர்; பால்காரி கொணர்ந்த பாலில் நீர் மிகுந்த நாட்களைக்கூட எழுதி வைத்திருந்தார் என்று என் தாயார் பரிகாசம் செய்வதுண்டு.

மறுநாள் விடியுமுன் நான் செங்கம் சாலைக்குச் சென்றேன். எதற்காகச் சென்றேன் என்று இன்று கேட்டால், ஜீப்பை மறுபடியும் காணவேண்டும் என்னும் ஆசையே அன்றி வேறு காரணம் சொல்ல இயலாது. தேநீர்க்கடை அருகே அது நின்றிருந்தது. அவர்கள் வேலூர் சென்றிலர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தம்பி, பறவை எந்தப் பக்கம் அதிகம்?" என்று கேட்டனர். பத்து வயதுப் பையனிடம் பெரிய மனிதர் மூவர் ஒரு விஷயம் கேட்டால் அவன் என்ன செய்வான்? கரைமேல் ஏறி, நாணல் மண்டிய மேற்கு மூலைக்கு அவர்களை அழைத்துச் சென்றேன்.

பனி நீர்மேல் புகைபோல் தவழ்ந்துகொண்டிருந்தது. பறவைகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் அவற்றின் முணுமுணுப்புக் கேட்டது. ஒருவர் கல்லை எறிந்தார். நீர்ப்பரப்பே எழுந்து பறப்பதுபோல் ஒரு பேரொலி. உடனே இரண்டு வெடிகள். சிறிது பொறுத்து மீண்டும் இரண்டு. மலையில் மோதி ஒவ்வொரு வெடியும் திரும்பி வந்தது. நான் அரைக்கால் சட்டையுடன் நீரில் இறங்கி, விழுந்தவற்றைப் பொறுக்கினேன். ஆறு பறவைகள். அவற்றுள் ஒன்றன் சிறகின் மேற்பாதி வானத்து நீலமாயிருந்தது. என் கையில் அது இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அந்த வெதுவெதுப்பு எனக்கு அன்று அருவருப்பையோ இரக்கத்தையோ உண்டாக்கிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். பெருமையாகவே இருந்தது.

அச்சமயம் எதிர்க்கரையில் ஒரு பசு அலறிற்று.

துப்பாக்கியைப் பற்றி அறியாதார்க்கு ஒரு சொல். பறவை சுடும் தோட்டாவில் ஒரே குண்டு இராது. கடுகினும் பருத்த ஈய ரவைகள் இருநூறுக்கு மேலும் இருக்கும். அவை குழலைவிட்டுச் சென்றதும் விரிந்து பரவும். முப்பது நாற்பது கஜத்துக்குள் பறவையைக் கொல்லும். அதற்கப்பாலும் நெடுந்தூரம் ஓடிக் கண்ணைக் கெடுக்க வல்லவை. நீர்மட்டத்திலிருந்து எழும் பறவையைத் தாழ்த்திச் சுட்டால் எதிர்க்கரையில் இருப்பவருக்கு ஆபத்து. இது வேட்டைக்காரர் முதற்பாடம். அவர்களில் ஒருவர் அதனை மறந்தார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். பறவைகளை ஒரு கோணியில் போட்டுக்கொண்டு விரைந்தனர். போகிற போக்கில் என் உள்ளங்கையில் ஓர் எட்டணா விழுந்தது. கரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். சிவப்புக் காகிதக் குழாய். அடியில் பித்தளை மூடி. மோந்தால் தீபாவளி மணம். எந்தப் பையனுக்குத்தான் அதனை விட்டுவர மனம் வரும்?

பசு, எதிர்த்தெருவில் இருந்த ஒரு கைம்பெண்ணுடையது. அவரை நாங்கள் அத்தை என்று அழைப்போம். அந்தப் பசுவின் பாலே அவர் ஜீவனம். ஒரு ரவை அதன் இடக்கண்ணில் பாய்ந்திருந்தது. ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசு 1948-இல் இறந்தபோது மகரிஷி அதன் அருகிலிருந்ததையும், அதற்குச் சமாதி எழுப்பியதையும் எங்கள் தெருவார் நேற்று நடந்ததுபோலப் பேசுவர். அங்கே மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் உண்டு. அத்தகைய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பசுவின் கண்ணில் குண்டு பாய்ந்தது என்றால் ஊர் சும்மா இருக்குமா?

கூட்டம் கரைக்கு ஓடியபோது, கழனிப்பக்கத்திலிருந்து ஒரு நரிக்குறவர் வந்துகொண்டிருந்தார். தோளில் நாட்டுத் துப்பாக்கி. இடுப்பில் உள்ளான் இரண்டு. வெடியோசை கேட்டு, யார் என்று பார்க்க வந்தவர். அவர் துப்பாக்கிக் குழலில் கருமருந்து மணந்தது. மணக்காமல் என்ன செய்யும்? உள்ளான்களைச் சுட்டவர் அவரே அல்லவா! அவர் தம் லைசென்ஸைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. அவரைக் கொண்டுபோய்க் காவலில் வைத்தனர், துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டனர்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். சிறவியைக் கண்ணியில் பிடிக்கும் விதத்தையும், காடையைப்போல் சீழ்க்கையடிக்கும் விதத்தையும் எனக்குக் காட்டியவர் அவரே. "சின்ன சாமி" என்றே என்னை அழைப்பார்.

தந்தையார் அன்று மாலை என்னைக் கேட்டார்: "காலையில் எங்கே போயிருந்தாய்?"

"பூப்பறிக்கப் போயிருந்தேன் அப்பா."

அவர் மேலும் கேட்கவில்லை. மூவரும் வேலூர் சென்றிருப்பார்கள் என்றே அவர் நம்பினார். சொன்ன சொல்லை மனிதர் காப்பர் என்று நம்புவது அவர் குணம். நானோ தோட்டாக்களைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன், வந்தேன். நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிப்பர். ஆகையால் அந்த இரண்டு காகிதக் குழாய்களே அவருக்குச் சாட்சி. பத்து வயதில் இதனை அறியாதவன் அல்லன் நான். அறிந்தே மூன்று நாள் வாளாவிருந்தேன். எட்டணாவுக்கு அதற்குள் இலந்தை வடையும் வாங்கித் தின்றாயிற்று.

மூன்றாம் நாள் இரவு, தந்தையார் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கைப்பெட்டியின்மேல் இரண்டையும் வைத்தேன். அவர் விளக்கைச் சற்றுத் தூண்டி, ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பார் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளாயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

"மூன்று நாள் அப்பா."

"அவன் உள்ளே மூன்று நாள்" என்று சொல்லி மீண்டும் எழுதத் தொடங்கினார். அன்றிரவு அவர் உண்ணவில்லை.

மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு போய், நானே என் வாயால் சொல்லும்படி செய்தார். தினக்குறிப்பிலிருந்த எண்ணையும் எழுதிக் கொடுத்தார். நரிக்குறவர் விடுதலையானார். துப்பாக்கி மட்டும் விடுதலையாகவில்லை. விசாரணை, மேல் உத்தரவு, கையெழுத்து என்று பங்குனி வரையில் அது அங்கேயே கிடந்தது. அது திரும்பிவந்தபோது ஏரியில் நீர் வற்றிற்று. சிறவிகள் வடக்கே போய்விட்டன. ஒரு பருவத்து வேட்டை அவருக்கு இல்லாமற் போயிற்று. மைசூருக்கு எழுதிய காகிதத்துக்குப் பதில் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அத்தைக்குத் தந்தையார் தம் சம்பளத்தில் கொஞ்சம் கொடுத்தார். பசு ஒற்றைக்கண்ணோடு பல்லாண்டு கறந்தது.

பின்னர் நரிக்குறவரைச் சாலையில் கண்டால் நான் நிற்பேன். அவர் "சாமி" என்று சொல்லிப் போய்விடுவார். "சின்ன" என்பது அற்றுப்போயிற்று. பிறர் காதுக்கு அது மரியாதை மிகுந்ததாகவே தோன்றியிருக்கும்.

நம் கல்லூரியில் சேர்ந்த பின், ஒருநாள் காலை ஜெபவேளையில் சிட்டுக்குருவிகளைப் பற்றிய வேதபாகம் படிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த நண்பர்கள் அதனைக் குருவிகளைப் பற்றியதாகவே கேட்டிருப்பர். எனக்குக் கழனியோரத்தில் நின்ற அம்மனிதரின் முகமே தோன்றிற்று. அதன் பின்னரே இந்த வேட்டைச் சட்டங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது.

1912-ஆம் வருஷத்துப் பறவை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வாத்து, காடை, கௌதாரி, கொக்கு, மீன்கொத்தி முதலியவற்றைப் பெயர் சொல்லிக் காத்தது. காத்தது என்றால், முட்டையிடும் பருவத்தில் கொல்லலாகாது என்று தடுக்க இடங்கொடுத்தது. முதற்குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாது. சிறவிகளோ நம் நாட்டில் முட்டையிடுவன அல்ல; மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே விருந்தாளிகளாக வருவன. விருந்துக்கு வந்த காலமே அவற்றுக்கு வேட்டைக் காலமாயிற்று. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், பரத்பூர் மன்னரின் விருந்தினராகச் சென்ற வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டனர். வெளியூர் வேட்டைக்காரர் என்றால் அவர்களன்றோ வெளியூர் வேட்டைக்காரர்! அவர்களிடம் எல்லைப் பத்தியைப் படித்துக் காட்ட எந்த முன்சீப்பும் இல்லை.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அடியோடு தடுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. அதில் சிறுவேட்டை, பெருவேட்டை முதலியவற்றுக்குத் தனித்தனி லைசென்ஸ்கள் இருந்தன. வாத்துக்கள் சிறுவேட்டை வகையில் இருந்தன. லைசென்ஸ் பெற்றவர் கொன்றவற்றுக்குக் கணக்கு எழுதிவைக்க வேண்டும். 1991-ஆம் ஆண்டில் வந்த திருத்தமே இந்த லைசென்ஸ்களையெல்லாம் நீக்கிற்று. அன்றுமுதல் சமுத்திரம் ஏரியில் மைசூரார்க்கும் உரிமை இல்லை, கலெக்டர் கையெழுத்துக்கும் உரிமை இல்லை, நரிக்குறவர்க்கும் இல்லை. முன்னிருவருக்கு அதனால் ஒரு பொழுதுபோக்குக் குறைந்தது. மூன்றாமவர்க்குக் குறைந்தது உணவு. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் ஒப்புதல் பெற்றது. இடைப்பட்ட முப்பதாண்டுகளும் பாசிமணியும் ஊசியும் விற்றே கழிந்தன. சிறவிக்கு நன்மை செய்த சட்டத்தை நான் குறைகூறவில்லை, வேண்டியதே. ஆயினும் அதன் விலையை யார் கொடுத்தார் என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்றும் நீர்ப்பறவை வேட்டை உண்டு. அங்கே இந்த உள்ளூர் வெளியூர் வழக்கு மிக நுட்பமாக வளர்ந்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேறு. வெளிமாநிலத்தார்க்குக் கட்டணம் பன்மடங்கு. வட டக்கோட்டாவில் வெளியாரின் நீர்ப்பறவைச் சீட்டு 14 நாட்களுக்குச் செல்லும். வேண்டுமானால் ஏழேழு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். தென் டக்கோட்டாவில் வெளியார்க்குச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கின்றனர். மொன்டானாவில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாட உள்மாநிலத்தாருக்கு 9 டாலர். வெளியாரோ பிற விலங்குகளையும் சேர்த்து 225 டாலர் சீட்டு வாங்கியாக வேண்டும் என்றிருந்தது. அது நியாயமா என்று வழக்குத் தொடுத்தனர். நியாயமே என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1978-இல் தீர்ப்புச் செய்தது. இவற்றோடு, 16 வயதும் அதற்கு மேலும் ஆன நீர்ப்பறவை வேட்டைக்காரர் எல்லாரும் மத்திய அரசாங்கத்தின் வாத்துத் தபால்தலை ஒன்றையும் வாங்கவேண்டும். 1934-இல் அதன் விலை ஒரு டாலர். 2015 முதல் 25 டாலர். அப்பணத்தில் பெரும்பகுதி சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்கே செலவாகிறது. சுடுகிறவனே ஏரிக்கும் காசு கொடுக்கிறான் என்பது விந்தையான ஏற்பாடு. ஆயினும் பயனில்லை என்று சொல்வதற்கில்லை. ஈய ரவையை வாத்து வேட்டையில் அந்நாடு முழுவதும் விலக்கியதும் நம் சட்டம் திருந்திய அதே 1991-ஆம் ஆண்டில்தான். சேற்றில் கிடக்கும் ரவைகளைப் பருக்கைக் கல் என்று விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. சமுத்திரம் ஏரியின் வண்டலில் அன்றைய ரவைகள் இன்னும் கிடக்கத்தான் கிடக்கும்.

இவ்வளவு தொலைவு சென்று தேடுவானேன்? நம் செங்கற்பட்டுப் பகுதியில் வேடந்தாங்கல் ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-ஆம் ஆண்டிலேயே எழுத்து மூலம் ஒரு காகிதம் வாங்கினர். தம் ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்பதே அதன் பொருள். சுட வந்தவர்கள் வெளியாரே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள். 1858-இல் அவ்வுரிமையை மறுபடியும் உறுதி செய்துகொண்டனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்தால் கழனிக்கு வேறு எரு வேண்டா என்பதை அவ்வூர்க் குடியானவர் அறிந்திருந்தனர். வெளியாரின் லைசென்ஸை விலைபேசாமல், அப்படி ஒன்று தம் ஏரியில் இல்லவே இல்லை என்று ஆக்கிக்கொண்ட ஊர் அது. என் தந்தையார் மடியில் அவ்விதக் காகிதம் ஒன்று இருந்திருந்தால், எல்லைப் பத்தியைத் தேடிப்பிடித்துப் படித்திருக்க வேண்டியதில்லை.

சென்ற மார்கழியில் ஊருக்குச் சென்றிருந்தேன். செங்கம் சாலையில் இப்போது கடைகளும் விடுதிகளும் நெருங்கிவிட்டன. பல தேசத்தாரும் வெறுங்காலோடு மலையை வலம் வருகின்றனர். விடியற்காலையில் ஏரிக்கரைமேல் ஏறி மேற்கு மூலைவரை நடந்தேன். நீர் முக்கால் அளவு இருந்தது. நாணலுக்கு அப்பால் அந்தப் பழைய முணுமுணுப்பு. எண்ணத் தொடங்கினேன், எழுபது வரையில் எண்ணியபின் கண் கூசிற்று.

திரும்பும் வழியில், கிரிவலப் பாதையோரம் ஓர் இளைஞர் பாசிமணி பரப்பி உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் பாட்டனார் இன்னார் என்று சொன்னதும் எனக்குக் கால் நகரவில்லை. அந்த நாட்டுத் துப்பாக்கி என்னாயிற்று என்று கேட்டேன்.

"ஒப்படைச்சாச்சு சாமி. தாத்தா இருக்கறப்பவே."

ஒரு மணிமாலை வாங்கினேன். மீதிச் சில்லறையை அவர் எண்ணிக் கொடுத்துக்கொண்டே, கரைப்பக்கம் முகத்தைத் திருப்பி, "இந்த வருஷம் சிறவி இறங்கியிருக்கா சாமி?" என்று கேட்டார்.

"இறங்கியிருக்கிறது" என்றேன்.